பெட்டியில் 88 வோல்ட்... உள்ளே 18!

செங்கல்பட்டு ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு ஹார்டுவேர் கடை. காலை ஒன்பதரை மணி. கல்லாவுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டி திறந்து கிடக்கிறது. உள்ளே ஒரு பேட்டரி டிரில், இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர், பத்துப் பன்னிரண்டு பிட். மூடியின் மேல் கை அகல எழுத்தில் ‘88 வி.எஃப்.’ என்று அச்சடித்திருக்கிறார்கள்.

வாங்க வந்தவர் இளைஞர். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம். மறைமலை நகரில் அடுக்குமாடி வீடுகளுக்கு அலமாரி, கிச்சன் கபோர்டு அடிக்கிற தச்சு வேலை.

“அண்ணே, இது எத்தினி வோல்ட்டு?”

“எம்பத்தெட்டு தம்பி. செம பவரு. பெரிய கம்பெனி மெஷினெல்லாம் வெறும் பதினெட்டுதான்.”

பக்கத்தில் தாழ்ப்பாள் வாங்க நின்ற நான், அனுமதி கேட்டுக்கொண்டு சார்ஜரை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் சின்ன எழுத்தில் இரண்டு வரி. உள்ளே வருவது 100 முதல் 240 வோல்ட். வெளியே போவது 21 வோல்ட். அவ்வளவுதான்.

“தம்பி, 21 வோல்ட் கொடுக்கிற சார்ஜரால 88 வோல்ட் பேட்டரியை எப்படி நிரப்ப முடியும்?”

இளைஞர் சார்ஜரை வாங்கி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். கடைக்காரர் தப்பான ஆள் இல்லை. “அப்படித்தாங்க வருது. நாங்க பெட்டியில இருக்கிறதைத்தான் சொல்றோம்” என்றார். உண்மைதான். அவரும் ஏமாந்தவர்களில் ஒருவர்.

செங்கல்பட்டு மாவட்டம் முழுக்க இன்று கட்டுமானம் நடக்கிறது. கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், கேளம்பாக்கம், தையூர், கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக விடுதிகள். தச்சர், ஏ.சி. மெக்கானிக், சிசிடிவி கேமரா மாட்டுபவர், ஃபால்ஸ் சீலிங் போடுபவர், மொட்டை மாடியில் சோலார் தகடு முடுக்குபவர் என எல்லோர் கையிலும் இப்போது பேட்டரி மெஷின்தான். ஒயர் இழுக்க வேண்டாம், பிளக் தேட வேண்டாம். இவர்களுடைய அன்றாடக் கூலியில் ஒரு பங்கு அந்தச் சின்னப் பேட்டரியை நம்பி இருக்கிறது. அந்தப் பேட்டரியைத்தான் பெரும்பாலும் தப்பான எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள்.

ஒரு பேட்டரியைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். மேல் ஓட்டின் நாலு திருகைக் கழற்றினால், பென்டார்ச் பேட்டரியை விடக் கொஞ்சம் பருமனாக உருளை உருளையாக செல்கள் தெரியும். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அதனால்தான் அதற்கு 18650 என்றே பெயர். பழைய லேப்டாப்பிலும் பவர் பேங்க்கிலும் வருகிற அதே வகை. இந்த லித்தியம்-அயனி செல் ஒன்று தருவது சராசரியாக 3.6 வோல்ட். முழுக்க நிரம்பியிருக்கும்போது 4.2. அதற்கு மேல் ஏற்றினால் ஆபத்து. 2.5 அல்லது 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் செல் கெட்டுப்போகும்.

ஐந்து செல்லை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் 5 × 3.6 = 18 வோல்ட். முழுக்க சார்ஜ் ஏறிய நிலையில் 5 × 4.2 = 21. சந்தையில் 18 என்றும், 20 ‘மேக்ஸ்’ என்றும், 21 என்றும் விற்பது எல்லாமே இந்த ஐந்து செல் வரிசைதான். டிவால்ட் நிறுவனம் ஒரே பேட்டரியை ஐரோப்பாவில் 18 வோல்ட் என்றும் அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்றும் விற்கிறது. வேலையில்லாமல் சும்மா இருக்கும்போதுதான் 20, வழக்கமான அளவு 18 என்று சின்ன எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். மூன்று செல் கொண்ட பேட்டரியை முன்பு 10.8 என்று எழுதி விற்ற நிறுவனங்கள், பிறகு அதையே 12 என்று எழுத ஆரம்பித்தன. இதில் கொஞ்சம் மிகைப்படுத்தல் உண்டு. ஆனாலும் கணக்குக்கு அடங்கிய மிகை.

‘வி.எஃப்.’ அப்படி இல்லை. 36, 48, 88, 98, 128 என்று எந்த எண் வேண்டுமானாலும் அதற்கு முன்னால் வரும். அது மின்னழுத்தத்தின் அலகே இல்லை. எந்த இயற்பியல் புத்தகத்திலும் இல்லாத எழுத்து அது. ‘வோல்ட் என்று நாங்கள் சொல்லவில்லையே’ என்று தப்பித்துக்கொள்ள ஒரு வழி, அவ்வளவே. வாங்குகிறவர் கண்ணுக்கு அது வோல்ட்டாகத்தான் தெரியும் என்பது அதை அச்சடித்தவருக்கு நன்றாகத் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம், கையே போதும். ஒரு 18650 செல்லின் எடை ஏறக்குறைய 46 கிராம். உண்மையிலேயே 48 வோல்ட் வேண்டுமானால் 13 செல் வேண்டும். செல் எடை மட்டுமே 600 கிராம். 128 வோல்ட்டுக்கு 35, 36 செல் தேவை. ஒன்றரைக் கிலோவைத் தாண்டிவிடும். உள்ளங்கையில் அடங்குகிற, கால் கிலோவைக் கொஞ்சம் தாண்டிய பேட்டரியில் 128 வோல்ட் இருக்க வழியே இல்லை. கடையில் அந்த இளைஞரிடம் பேட்டரியைக் கையில் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். தூக்கிப் பார்த்து, “லேசா இருக்குண்ணே” என்றார்.

சரி, 18 வோல்ட் என்று நேர்மையாக எழுதியிருக்கிற இரண்டு பேட்டரிகள். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. இரண்டும் ஒன்றா? இல்லை. இங்கேதான் இரண்டாவது எண் வருகிறது. ஆம்பியர்-ஹவர்.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்ல ஒரு தண்ணீர்த் தொட்டி போதும். மொட்டை மாடித் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வோல்ட். அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஆம்பியர்-ஹவர். உயரம் அதிகமென்றால் குழாயில் வேகமாக வரும். ஆனால் தொட்டியில் இரண்டு குடம்தான் இருக்கிறதென்றால், எவ்வளவு உயரத்தில் வைத்து என்ன பயன்? பத்து மீட்டர் உயரத்தில் இருக்கிற ஆயிரம் லிட்டரும், இருபது மீட்டர் உயரத்தில் இருக்கிற ஐந்நூறு லிட்டரும் கீழே விழும்போது செய்யக்கூடிய வேலை ஒன்றுதான். உயரத்தையும் அளவையும் பெருக்கினால்தான் முழுக் கணக்கு. பேட்டரியிலும் அப்படியே. வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் வருவது வாட்-ஹவர். நாம் காசு கொடுத்து வாங்குவது அதைத்தான்.

18 வோல்ட், 2 ஆம்பியர்-ஹவர் என்றால் 36 வாட்-ஹவர். அதே 18 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர் என்றால் 90. மூன்று செல் வரிசையிலான 12 வோல்ட் மெஷினில் 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரி போட்டால், சராசரி 10.8-ஐ வைத்துக் கணக்கிட 43. அதாவது ‘சின்ன’ 12 வோல்ட் பேட்டரிக்குள், 2 ஆம்பியர்-ஹவர் கொண்ட ‘பெரிய’ 18 வோல்ட் பேட்டரியை விட அதிக மின்சாரம் இருக்கிறது. வோல்ட்டை மட்டும் பார்த்து வாங்கினால் எங்கே சறுக்குகிறோம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

வோல்ட்டை விட்டுவிட்டு ஆம்பியர்-ஹவரை மட்டும் பார்ப்பவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். “என் செல்போன் பேட்டரியே 5,000 எம்.ஏ.ஹெச்., இந்த டிரில்லு வெறும் 2,000-ஆ?” என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செல்போனில் இருப்பது ஒரே அடுக்கு, சுமார் 3.85 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர். பெருக்கினால் 19 வாட்-ஹவர். டிரில்லில் 36. ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இன்னொரு ஒப்பீடு என்னையே அசர வைத்தது. மின்வாரியம் அளக்கிற ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-ஹவர். கம்பீரமாக இருக்கிற அந்த 90 வாட்-ஹவர் பேட்டரிக்குள், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிற பேட்டரிக்குள் இருப்பது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு யூனிட்டைப் பிடித்து வைக்க அப்படிப் பதினொரு பேட்டரிக்கு மேல் வேண்டும். சுவரில் இருக்கிற பிளக் பாயின்ட் எவ்வளவு பெரிய சுரங்கம் என்பது இதை நினைத்துப் பார்த்தால்தான் உறைக்கும்.

அப்படியானால் வோல்ட்டால் ஒரு பயனும் இல்லையா? உண்டு. எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது. எப்படி வெளியே வருகிறது என்பதைச் சொல்லும்.

மகிட்டா நிறுவனத்தின் ‘40 வோல்ட் மேக்ஸ்’ பேட்டரியை எடுத்துக்கொள்வோம். உள்ளே பத்து செல் ஒரே வரிசையில். சராசரி 36 வோல்ட், 2.5 ஆம்பியர்-ஹவர். பெருக்கினால் 90. அதே பத்து செல்லை ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை கட்டினால் 18 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர். அதுவும் 90. இன்னும் அழகான உதாரணம், 2016-ல் டிவால்ட் கொண்டுவந்த ‘ஃப்ளெக்ஸ்வோல்ட்’. 15 செல் கொண்ட ஒரே பேட்டரி. 20 வோல்ட் மெஷினில் செருகினால் 6 ஆம்பியர்-ஹவர். 60 வோல்ட் மெஷினில் செருகினால் 2 ஆம்பியர்-ஹவர். உள்ளே கோப்பு மாறுகிறது, சரக்கு மாறவில்லை. பெயரில் உள்ள எண்ணை வைத்துப் பெருக்கினால் இரண்டிலும் 120.

வோல்ட் கூடினால் கிடைக்கிற லாபம் வேறு. ஒரு மெஷின் 720 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். 18 வோல்ட்டில் அதற்கு 40 ஆம்பியர் ஓட வேண்டும். 36 வோல்ட்டில் 20 போதும். பேட்டரி மெஷினோடு சேருகிற அந்தப் பித்தளை நாக்குகளிலும் சுவிட்சிலும் ஒயரிலும் வீணாகிற சூடு, மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் பாதியானால் சூடு கால் பங்காகும். நூறில் ஒரு ஓம் தடை இருக்கிற இணைப்பில் 40 ஆம்பியர் ஓடினால் 16 வாட் வெறும் சூடாகப் போகும். 20 ஆம்பியர் ஓடினால் 4 வாட். அதனால்தான் மரம் அறுக்கிற பெரிய ரம்பம், பெரிய கட்டிங் மெஷின், கான்கிரீட் உடைக்கிற மெஷின் எல்லாம் 36, 40, 60 வோல்ட்டை நோக்கிப் போகின்றன. திருகு முடுக்கவும் பிளைவுட்டில் துளை போடவும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

செல்லுக்குள் நடப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளே ஒரு தடை உண்டு. நல்ல செல்லில் 20 மில்லி ஓம் என்று வைப்போம். ஐந்து செல் ஒற்றை வரிசையில் மொத்தம் 100 மில்லி ஓம். 30 ஆம்பியர் இழுத்தால் 3 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். 18 வோல்ட் மெஷினுக்கு வந்து சேர்வது 15. பேட்டரிக்குள் 90 வாட் சூடு. கையில் பிடிக்க முடியாமல் சுடுவது இதனால்தான். அதுவே இரட்டை வரிசைப் பேட்டரி என்றால் தடை பாதி. விழுவது ஒன்றரை வோல்ட்தான், சூடும் 45 வாட்தான். ஆகவே ஒரே 18 வோல்ட் மெஷினில் 2 ஆம்பியர்-ஹவர் பேட்டரியைக் கழற்றிவிட்டு 5 போட்டால் ஓடுகிற நேரம் கூடுவதோடு வேலையின் வீரியமும் கூடும். “பெரிய பேட்டரி போட்டா மெஷினே வேற மாதிரி ஓடுது” என்று தச்சர்கள் சொல்வது கற்பனை இல்லை. அவர்கள் கை அதை மீட்டருக்கு முன்பே அளந்துவிடுகிறது.

இனி ஓடும் நேரம். வாட்-ஹவரை மெஷின் இழுக்கிற வாட்டால் வகுத்தால் மணிக்கணக்கு வந்துவிடும். ஒரு திருகு முடுக்க சராசரி 200 வாட், மூன்று விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 36 வாட்-ஹவர் பேட்டரியில் இருநூறு திருகுக்கு மேல் போகும். ஒரு நாள் சீலிங் வேலைக்கு இரண்டு பேட்டரி மாற்றி மாற்றிப் போட்டால் காலம் தள்ளலாம். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார், அதாவது ‘பிரஷ்லெஸ்’ மெஷின் என்றால் உரசலில் போகிற வீண் குறைந்து இன்னும் சில திருகுகள் கூடும்.

கல் வேலைக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் மாமல்லபுரம் புரிகிறது.

ஐந்து ரதம் போகிற வழியில் இரண்டு பக்கமும் சிற்பக் கூடங்கள். கருங்கல்லில் பிள்ளையாரும் நந்தியும் புத்தரும் பாதி உடம்போடு வெயிலில் நிற்கிறார்கள். 2015-ல் உலகக் கைவினை மன்றம் கல் சிற்பத்துக்கான உலகக் கைவினை நகரம் என்று அறிவித்த ஊர் இது. 2017-ல் இந்தக் கல் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1957-ல் சிற்பப் பயிற்சி மையமாகத் தொடங்கியதுதான் இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக் கலைக் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. உளிச் சத்தத்துக்குப் பேர்போன ஊரில் இன்று முதலில் காதில் விழுவது கிரைண்டரின் கிறீச்சொலி. உருவம் கிளம்புகிற வரைக்கும் நான்கு அங்குலக் கட்டிங் மெஷின், பிறகுதான் உளி.

ஒரு கூடத்தில் அரை மணி நேரம் நின்றேன். ஒருவர் நந்தியின் கழுத்தடியில் வரிசையாக வெட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு. பிறகு சுத்தியலால் ஒரு தட்டு. வெட்டுகளுக்கு நடுவே நின்ற கல் தகடுகள் பொலபொலவென உதிர்ந்தன. எனக்கு உடனே நினைவு வந்தது, இதே ஊரின் முற்றுப்பெறாத குடைவரைகளில் சதுரம் சதுரமாகக் கோடு கிழித்து, ஆழமாக வெட்டி, நடுவில் நிற்பதைத் தட்டி எடுத்திருக்கிற தடம். பல்லவர் காலச் சிற்பி உளியால் செய்ததை இவர் வைர பிளேடால் செய்கிறார். முறை அதேதான், ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்தும்.

அவர் மெஷினில் ஒயர் இருந்தது. கூடத்தில் இருந்த எல்லா மெஷினிலும் ஒயர் இருந்தது. பேட்டரி கிரைண்டர் வாங்கலாமே என்று கேட்டேன். “ஒருத்தர் வாங்கினாருங்க. டீ குடிக்கப் போறதுக்குள்ள தீந்து போச்சு” என்றார்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. கருங்கல்லை வெட்டும்போது அந்தச் சின்ன மெஷின் சராசரியாக 500 வாட் இழுத்தால், 90 வாட்-ஹவர் பேட்டரி பதினொரு நிமிடத்தில் காலி. பிரஷ்லெஸ் என்றால் சில நிமிடம் கூடலாம். ஒரு நாளில் பிளேடு கல்லில் படுகிற நேரம் ஐந்து மணி என்றால் 2,500 வாட்-ஹவர். மின்வாரியக் கணக்கில் இரண்டரை யூனிட். பேட்டரிக் கணக்கில் 28 பேட்டரி. எந்த வோல்ட் போட்டாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. ‘128’ என்று அச்சடித்த கிரைண்டரை நம்பி ஒரு சிற்பி காசு போட்டால் அவர் வயிற்றில் அடித்ததாகத்தான் அர்த்தம்.

ஆனாலும் கல் வேலையில் பேட்டரிக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெயர்ப்பலகைக் கல்லைச் சுவரில் பதிக்கத் துளை போடவும், பிளக் பாயின்ட் இல்லாத கோயில் பிராகாரத்தில் சின்னத் திருத்தம் செய்யவும் அது கை கொடுக்கும். இதைவிட முக்கியமானது உயிர். ஈரத் தரையில், பல இடத்தில் ஒட்டுப்போட்ட ஒயரோடு, பிளக் இல்லாமல் இரண்டு கம்பியைத் தீக்குச்சி வைத்துச் செருகி 230 வோல்ட்டில் வேலை பார்க்கிற காட்சியை நம் ஊர்க் கட்டடங்களில் தினமும் பார்க்கிறோம். 18 வோல்ட் பேட்டரியில் அந்த ஷாக் பயம் இல்லை. ஒயர் மெஷினே கதி என்பவர்கள், கூடத்துக்கு வருகிற லைனில், கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைக் கட்டாயம் மாட்டுங்கள். கல் தூசிக்கு முகமூடியும் போடுங்கள். நுரையீரலில் படிகிற சிலிக்கா திரும்ப வெளியே வராது. கட்டுரையின் பொருள் அதுவல்ல என்றாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ஒயரில்லாத மெஷின் பிறந்த காரணமே பிளக் இல்லாத இடம்தான். 1961-ல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் நிக்கல்-காட்மியம் பேட்டரியில் ஓடுகிற டிரில்லைக் கொண்டுவந்தது. 1971-ல் அப்பல்லோ 15 பயணத்தில் நிலவின் தரையைத் துளைக்கப் பேட்டரி டிரில் போனது. சோனி நிறுவனம் லித்தியம்-அயனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1991-ல். அது கைக்கருவிக்குள் நுழைய இன்னும் பல வருஷம் ஆனது. 2005-ல் மில்வாக்கி நிறுவனம் 28 வோல்ட் லித்தியம் கருவிகளை வெளியிட்டது. லித்தியம்-அயனி பேட்டரிக்கு அடித்தளம் போட்ட குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு. நம் மண்ணிலும் ஆராய்ச்சி உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் லித்தியம் செல் தொழில்நுட்பத்தில் பல வருஷமாக உழைத்து வருகிறது.

நிலவு வரை போவானேன், மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் கொக்கிலமேடு கடற்கரை போதும். மணலில் இழுத்துப் போட்ட ஃபைபர் படகுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் ஏது? எஞ்சின் பிடிமானத்தில் ஒரு போல்ட் துளை போட, பலகை ஒன்றை முடுக்க, பேட்டரி டிரில்தான் வழி. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது என் வீட்டு மாடிக் கதவின் கீல் பெயர்ந்துவிட்டது. மறுநாள் கரண்ட் இல்லை. ‘48 வோல்ட்’ என்று நம்பி வாங்கிய டிரில் என்னிடம் இருந்தது. நாலாவது துளையில் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. கயிறு போட்டுக் கட்டி அந்த வாரத்தை ஓட்டினேன். பிறகு பேட்டரியைப் பிரித்துப் பார்த்தேன். ஐந்தே செல். அதில் ஒன்று செத்துக் கிடந்தது. வரிசையில் கோத்த செல்லில் ஒன்று சோர்ந்தாலும் மொத்த வரிசையும் சோரும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்த மாதிரி. இந்தக் கட்டுரையின் விதை அன்றைக்கு விழுந்தது.

கடலோரத்தில் வேலை பார்ப்பவர்கள் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். உப்புக் காற்று பேட்டரியின் பித்தளை நாக்குகளில் பச்சை பூக்க வைக்கும். பூத்தால் தடை கூடும், சூடு கூடும், ஓடும் நேரம் குறையும். வாரம் ஒரு தடவை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். அடுத்தது வெயில். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் போடக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்த பேட்டரி அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். நல்ல சார்ஜர் சூடான பேட்டரியை ஏற்காமல் விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கும். மட்டமான சார்ஜர் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றும். வேலை முடிந்த கையோடு செருகாமல், நிழலில் வைத்து ஆறவிட்டுச் செருகுங்கள். ஒரு மாதம் ஊருக்குப் போவதென்றால் பாதி சார்ஜில் விட்டுப் போங்கள். முழுக்க நிரப்பி வெயிலில் வைப்பதுதான் பேட்டரிக்கு மிகக் கெடுதல்.

செல் மாற்றித் தருகிற கடைகள் சென்னை ரிச்சி தெருவில் தொடங்கிப் பல ஊர்களிலும் வந்துவிட்டன. கைத்தொழில், வரவேற்கலாம். ஆனால் பழைய லேப்டாப்பில் இருந்து கழற்றிய செல்லை டிரில் பேட்டரிக்குள் வைக்கிறவர்களிடம் கொடுக்காதீர்கள். லேப்டாப் செல் மெதுவாக மின்சாரம் கொடுக்கப் பிறந்தது. அதைப் பிழிந்து 20, 30 ஆம்பியர் எடுத்தால் சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். செல்களைச் சமமாக வைத்திருக்கிற உள் சர்க்யூட்டைத் தூக்கிவிட்டு நேராக ஒயர் கட்டித் தருகிற கடைக்கும் இதே பதில்தான். செத்த பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெறுகிற பொறுப்பு தயாரிப்பாளருக்கும் இறக்குமதியாளருக்கும் உண்டு. கடையில் கேளுங்கள்.

கேட்க வேண்டியது வேறும் உண்டு. இப்படிக் கையில் எடுத்துப் போகிற கருவிகளின் லித்தியம் பேட்டரிக்கு ஐ.எஸ். 16046 தரநிலையின் கீழ் பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ‘ஆர்’ என்ற எழுத்துக்குப் பின்னால் எட்டு இலக்க எண் இருக்கும். அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடைய பதிவு என்று தெரிந்துவிடும். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்கிறதா பாருங்கள். இல்லாத பெட்டிக்குப் பின்னால் யாரும் இல்லை என்று பொருள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. அரிசி மூட்டையில் ஒரு கிலோ குறைந்தால் வழக்குப் போடுகிறார்கள். 18-ஐ 88 என்று எழுதுவதும் எடைக் குறைவுதான் என்று துறை பார்க்க வேண்டும். பேட்டரிக் கருவி வருகிற ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும், மற்ற எண்ணை விடப் பெரிய எழுத்தில், வாட்-ஹவர் அச்சடிக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவர வேண்டும். டியூப் லைட்டுக்கு வாட் கேட்டு வாங்கப் பழகிய மக்கள் இதையும் ஒரே வருஷத்தில் பழகிவிடுவார்கள்.

அதுவரைக்கும் நம் கையில் இருப்பது பெருக்கல் வாய்ப்பாடு. வோல்ட் எவ்வளவு, ஆம்பியர்-ஹவர் எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். பெருக்குங்கள். சார்ஜரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பேட்டரியைக் கையில் தூக்கிப் பாருங்கள். திருகும் துளையும்தான் வேலை என்றால் 40 வாட்-ஹவர் தாராளம். அறுப்பதும் வெட்டுவதும் இருந்தால் 90-க்குக் கீழே போகாதீர்கள். நாள் முழுக்கக் கல் வெட்டுவதென்றால் ஒயரிலேயே இருங்கள்.

அந்தச் செங்கல்பட்டுக் கடையில், இளைஞர் 88 எழுதிய பெட்டியை மூடிக் கடைக்காரர் பக்கம் நகர்த்தினார். இரண்டு பேட்டரி வாங்க வந்த பணத்துக்கு மேல் கொஞ்சம் போட்டு, ஒரே பேட்டரியோடு வேறொரு டிரில் வாங்கினார். பில் போடுவதற்கு முன் பேட்டரியின் அடிப்பக்கத்தைத் திருப்பி எழுத்துக் கூட்டிப் படித்தார். 18 வோல்ட். 4 ஆம்பியர்-ஹவர். 72 வாட்-ஹவர்.